மதகடியில் வெடிக்காத மூன்று வெடிகள்

இந்த வருடமும் மாதா தேர் மதகடியில் வந்து நின்றதும் பேண்டு நின்றுவிட்டது. மைக்கை அணைத்துவிட்டார்கள். ஜெனரேட்டர் வண்டி தெருமுனையிலேயே தங்கிவிட்டது. கையில் மெழுகுவத்தியோடு அத்தனை சனமும் ஏரிக்கரைமேல் பேசாமல் நின்றது. உருகும் மெழுகின் வாசனையும் ஏரியின் பாசி வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. என் கண்ணைக் கட்டிவிட்டு அந்த வாசனையை மட்டும் காட்டினாலும் இது பிப்ரவரி மாதம், இது எங்கள் மதகு என்று சொல்லிவிடுவேன்.

தேருக்கு முன்னால் நின்ற பையன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே தூக்கினார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண். புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து வந்தவர் போல இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் கிசுகிசுத்தார்.

"ஏன் இங்க மட்டும் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க?"

"இந்த மதகுல யாரோ முங்கி செத்துட்டாங்களாம்க்கா. அதுக்குத்தான் கைய சிலுவ மாதிரி வச்சிக்கினு வேண்டிக்கறாங்க."

போன வருடம் வேறு காரணம் காதில் விழுந்தது. மாதா இந்த இடத்தில்தான் காட்சி தந்தாராம். யாரும் முங்கிச் சாகவும் இல்லை, மாதா காட்சி தரவும் இல்லை. அது சிலுவையும் இல்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தெரியாத பெண்ணிடம் நானாகப் போய்ப் பேசுவதாவது! பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாதிப் பாவத்தை முழுங்கிவிட்டு வருகிற ஆள் நான். உங்களிடம் என்றால் பரவாயில்லை. எழுதும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு வந்து இறங்கி வெட்டும். டம், டம், டம். ஷிப்ட் முழுக்க அதே சத்தம். பக்கத்தில் நிற்கிறவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு கிடையாது, கைச்சாடைதான். கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினால் 'நிறுத்து'. அந்தக் கடைசிச் சாடைக்கு ஒரு சட்டம் உண்டு. தகட்டில் கை வைத்தவன் தன் கையை வெளியே எடுத்துவிட்டதைக் கண்ணால் பார்க்கும்வரை, நிறுத்தச் சொன்னவன் கையை இறக்கக் கூடாது. தோள் நொந்தாலும் கூடாது. எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் பத்து விரலும் மிச்சம் இருந்தது இந்தச் சட்டத்தால்தான்.

பேச வேண்டாத வேலை எனக்கு வசதியாகவே இருந்தது. ஆனால் வெளியே வந்த பிறகும் காதுக்குள் பிரஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு தின்னும்போதும் டம், படுத்தாலும் டம். அது அடங்குகிற ஒரே இடம் எங்கள் ஏரிக்கரை.

பட்டாபிராமுக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஏரி. கிழக்கே எங்கள் தெருவும் கோயிலும் மதகும். மேற்கே தைலமரமும் ஈச்சம்புதரும் மண்டிய காடு. அதற்கும் பின்னால் ராணுவத்தின் கம்பிவேலி. வேலி இருந்த புண்ணியத்தில் காடு காடாகவே இருந்தது. காலையில் ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகாமல் சைக்கிளைக் கரைமேல் ஏற்றிவிடுவேன். முதலில் காதுக்காகத்தான் போனேன். கண் பிறகுதான் திறந்தது.

பூந்தமல்லியில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் பைனாகுலர் வாங்கியது அப்போதுதான். ராணுவத்தில் கழித்துக் கட்டியது. ஒரு குழாய் வழியாக உலகமே மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்னொன்றில் ஒரே இருட்டு.

"பாய், இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலியே?"

"அந்தப் பக்கம் தெரியுதில்ல? நீ இன்னா ஒரே நேரத்துல ரெண்டு பறவயவா பாக்கப்போற? எடுத்துக்கினு போ நைனா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒற்றைக் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கோடையில் ஏரி வற்றி நடுவில் குட்டைகளாகத் தேங்கும். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சிவந்த நீளக் கால்களோடு உள்ளான்கள் குட்டை ஓரத்தில், புது மாப்பிள்ளை செருப்பு நனையாமல் நடப்பதுபோல நடக்கும். எனக்குப் பிடிக்காத பறவை அப்போதுதான் வரும். ஆள்காட்டி. நான் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனாலும் தலைக்கு மேலே பறந்து பறந்து ஊருக்கே என்னைக் காட்டிக் கொடுக்கும். இவன் வந்துவிட்டான், இவன் வந்துவிட்டான் என்று. என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் காட்டு ஓரத்தில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். உடம்பில் இல்லாத நிறம் இல்லை. ஆனாலும் புதருக்குள்ளேயே ஒளிந்து சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு விசில். எங்கள் கம்பெனிச் சங்குக்கும் அதற்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு இவ்வளவு கூச்சமா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். எனக்கு அழகு இல்லை, அதனால் என் கூச்சத்துக்கு நியாயம் இருக்கிறது என்று.

மழை நின்றதும் வாத்துகள், நாமக்கோழிகள், முக்குளிப்பான்கள். நீரில் நிற்கும் பட்டமரத்தின்மேல் நீர்க்காகம் இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் முடித்தவன் சட்டையைப் பிழிந்து காயப்போட்டதுபோல. அப்புறம் மஞ்சள் மூக்கு நாரைகள். முதன்முதலில் அவற்றின் முதுகில் அந்த ரோஜா நிறத்தைக் காட்டியபோது என் சிநேகிதன் தாஸ் சொன்னான்: "எவனோ கலர்ப்பொடி தூவிட்டான் மச்சான். பாவம், குளிக்க வந்துகீது."

தாஸ் எனக்கு அடுத்த பிரஸ்ஸில் நின்றவன். எங்கள் தெருக்காரன். பறவை பார்க்கவெல்லாம் அவனுக்குப் பொறுமை கிடையாது. நான் பேசவும் வேண்டாம், என்னைப் பேச வைக்கவும் வேண்டாம் என்று இருந்த ஒரே ஆள். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

அவனுக்கும் ரோசிக்கும் பல வருடங்களாகப் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத கோயில் இல்லை. மாங்காட்டு அம்மனிடம்கூட ரகசியமாகப் போய் வந்தார்கள் என்று தெருவே ரகசியமாகப் பேசிக்கொண்டது. கடைசியில் தாஸ் எங்கள் மாதாவிடம் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிறந்தால் திருவிழா அன்று மதகடியில் மூன்று அதிர்வேட்டு. எங்கள் கோயிலில் பழைய வழக்கம் அது. தேர் மதகடியில் நிற்கும். சாமியார் ஏரியை மந்திரிப்பார். அந்த வருடம் நேர்ந்துகொண்டவர் மூன்று வெடி போடுவார். ஆவடிவரைக்கும் கேட்கும் என்று எங்களுக்குப் பெருமை.

பிள்ளை பிறந்தது. பெண். ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார்கள். தாஸ் பட்டறையில் இரண்டு பிரஸ்களுக்கு நடுவில் நின்று கைகளால் தொட்டில் ஆட்டிக் காட்டினான். எல்லாரும் நிறுத்துச் சாடை போட்டு அவனைக் கட்டிப் பிடித்தார்கள். ஃபோர்மேன்கூடத் திட்டவில்லை.

அந்த வருடம் மழையும் கொட்டித் தீர்த்துவிட்டது. எப்போதும் காட்டுப் பக்கம் எட்டத்தில் கூடு கட்டுகிற நாரைகள், மதகடியில் இருந்த கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றதைப் பார்த்து அங்கே வந்து இறங்கிவிட்டன. கரையிலிருந்து கல்லெறி தூரம். மரத்துக்கு மரம் கூடு. தை மாதத்தில் குஞ்சுகள் பொரிந்து ஓயாமல் கத்த ஆரம்பித்தன. பெரிய நாரைகளுக்குக் குரலே கிடையாது, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அலகோடு அலகைத் தட்டும், அவ்வளவுதான். டக், டக் என்று மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம். எனக்கு அவற்றை ஏன் பிடித்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை பக்கத்துத் தெருவில் கல்யாண வரவேற்பு. பொண்ணு மாப்பிள்ளை கார் வந்ததும் சரவெடி போட்டார்கள். அப்போது பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டிருந்தது. மரங்களில் இருந்த அத்தனை நாரைகளும் கூடுகளை உதைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் எழும்பின. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மரத்தடித் தண்ணீரில் குஞ்சுகள் மிதந்தன. ஒன்று கிளையிடுக்கில் தலைகீழாகத் தொங்கியது. மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அது தெருவுக்கு அந்தப் பக்கம் போட்ட சரவெடி. திருவிழாவில் போடப்போவது அதிர்வேட்டு, அதுவும் மரத்துக்கு நேரே நின்று.

போடப்போகிறவன் தாஸ். அவன் எத்தனை வருடம் காத்திருந்தான் என்று எனக்குத்தான் தெரியும். அவனிடம் எப்படிச் சொல்வது? பட்டறையில் இதற்குச் சாடை கிடையாது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பத்தோடு கரைக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா மச்சான், நாரய பாக்கறதுக்கு குடும்பத்தோட கூப்ட்ற? பிரியாணி கிரியாணி எதனா கீதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ரோசி இடுப்பில் குழந்தை, கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு. பைனாகுலரை ரோசியிடம் கொடுத்தேன். எந்தக் கண் என்று சைகை காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது, றெக்கய விரிச்சிக்கினு நிக்குது, பறக்க மாட்டேங்குது?"

"வெயிலு. குஞ்சுக்கு நெழலு."

அந்த நேரத்தில் இன்னொரு நாரை வந்து கூட்டில் இறங்கியது. அலகைக் குனிந்து திறந்தது. குஞ்சுகளின் மேல் தண்ணீர் சொட்டியது.

"ஐய! வாயில தண்ணி மொண்டாந்து ஊத்துதுயா!" என்று தாஸின் தோளில் அடித்தாள். "எதுண்ணா ஆம்பள, எது பொம்பள?"

"தெரியாதும்மா. ரெண்டும் மாத்தி மாத்தி நிக்கும்."

ரோசி பைனாகுலரை இறக்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "கேட்டுக்கினியா? மாத்தி மாத்தி நிக்குமாம். நீ ஒருநாளாவது ராத்திரில எழுந்து புள்ளய தூக்கிகீறியா?"

"மச்சான், நீ எனக்கு வெடி வைக்கத்தான் இட்டுக்கினு வந்தியா?" என்றான் தாஸ்.

வெடி என்ற வார்த்தையை அவனே எடுத்துக் கொடுத்தான். விட்டால் எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. சரவெடி, தண்ணீரில் மிதந்த குஞ்சுகள் என்று இரண்டு மூன்று வார்த்தைகளில் சொன்னேன். ரோசி முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். "வாணாம்யா" என்றாள்.

தாஸ் முகம் சுருங்கிவிட்டது. "மாதாவாண்ட வாய் வுட்டு நேந்துகினேன்டி. இப்ப இல்லன்னா, அது இன்னா நெனச்சுக்கும்?" கரையில் கொஞ்ச தூரம் நடந்தான். நாரைகளைப் பார்த்தான், கோயிலைப் பார்த்தான். திரும்பி வந்து என்னிடம், "சரி. ஆனா கமிட்டில நீதான் பேசணும். நான் சொன்னா, புள்ள பொறந்தவொடனே காச மிச்சம் புடிக்கறான் பாருன்னு சிரிப்பானுங்க" என்றான்.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. பிரஸ்ஸில் நின்றுகொண்டு வாய்க்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர் சூசை அண்ணன். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். எப்போதும் ரயிலுக்கு மேலே குரல் கொடுக்கிறவர். நான் எழுந்து நின்றதும், "இன்னாப்பா, மேல ஃபேன் எதனா ரிப்பேரா?" என்று அண்ணாந்து பார்த்தார். கோயிலில் நான் எழுந்து நின்றால் அதற்குத்தான் என்று அவருக்குப் பழக்கம்.

"புள்ள பொறந்ததுக்குத்தான அண்ணாத்தே தாசு வெடி போட்றான்?" என்றேன். "மதகாண்ட மரத்துலயும் புள்ள பொறந்துகீது. வெடி போட்டா செத்துடும்."

பின் வரிசையில் எவனோ, "நாரைக்கு ஞானஸ்நானம் எப்ப மாமே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சூசை அண்ணன் சிரிக்கவில்லை.

"கொக்குக்குப் பயந்துகினு மாதா தேர நிறுத்த சொல்றியா?"

"தேர நிறுத்த சொல்லல அண்ணாத்தே. சத்தத்த நிறுத்த சொல்றேன்."

அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். அப்போது இருந்த சாமியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெதுவாகச் சொன்னார்: "நான் இங்க வந்த நாள்லேர்ந்து இவர் பேசி ஒரு வார்த்த கேட்டதில்ல. இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கார். அதையும் கேக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

"ஒரே ஒரு வருசம்தான்" என்றார் சூசை அண்ணன். "வெடி கெடையாது, பேண்டு கெடையாது, மைக்கு கெடையாது. மதகாண்ட மட்டும்."

ஆனால் பேண்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் சொல்லியிருப்பார் என்று இன்னொருவர். எங்கள் தெருவின் தீராத வியாதி அது. வெளியூர் பேண்டு. மதகு வந்தால் சத்தத்தை ஏற்ற வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழக்கம். தேர் மதகை நெருங்க நெருங்க எக்காளம் உயர்ந்தது. பெரிய முரசுக்காரர் கோலை ஓங்கினார். மரங்களில் வெள்ளை வெள்ளையாக நாரைகள் கழுத்தை நீட்டி எழுந்து நின்றதை நான் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. கத்தினாலும் கேட்காது.

பட்டறையில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். மெழுகுவத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினேன். தேருக்கு அந்தப் பக்கம் நின்ற தாஸ் பார்த்துவிட்டான். அவன் கைகளும் ஏறின. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தார். பட்டறை எதுவானாலும் அந்தச் சாடை ஒன்றுதான். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சாடைக்குக் கேள்வி கிடையாது. முன்னால் பின்னால் என்று கரை நீளத்துக்கும் கைகள் ஏறிக் குறுக்காக நின்றன. பேண்டுக்காரர்கள் சுற்றிப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கைகள். ஓங்கிய கோல் அப்படியே நின்றது. எக்காளம் பாதியில் அடங்கியது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாமியார் தண்ணீரை மந்திரிக்கிற சத்தம் கேட்டது. நாரைகள் இரண்டு மூன்று முறை இறக்கையை உதறிவிட்டு உட்கார்ந்தன. பிறகு இருட்டிலிருந்து டக், டக், டக் என்று அலகு தட்டும் சத்தம் வந்தது. ஸ்டெல்லா ரோசியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாரைகள் அடங்கி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் கையை இறக்கினேன். சட்டம் சட்டம்தான்.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரு குஞ்சுகூட மிதக்கவில்லை. சைக்கிளில் வீடு திரும்பும்போது எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. பாடவில்லை. ஆனால் பெல்லை அடித்துக்கொண்டே வந்தேன்.

தாஸ் மட்டும் மாதாவிடம், "அடுத்த வருசம் சேத்து போட்டுர்றேன் தாயே" என்று சொல்லிவிட்டான். அடுத்த வருடமும் நாரைகள் அங்கேயே கட்டின. அதற்கடுத்த வருடமும். மதகடி வந்ததும் கைகள் தாமாகவே ஏறின. சூசை அண்ணனின் ஒரே ஒரு வருடம் நீண்டுகொண்டே போனது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் முடியவில்லை.

பிறகு ஏரியை ஆழப்படுத்தினார்கள். நல்லதுதான், தெருவில் கிணறுகள் ஊறின. ஆனால் மதகடிக் கருவேல மரங்கள் போய்விட்டன. நடைபாதை வந்தது, உட்காரப் பலகைகள் வந்தன. நாமக்கோழியும் முக்குளிப்பானும் இன்னும் வருகின்றன. ஆறுமணிக்குருவியின் விசிலும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. நாரைகள் உயரத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போகின்றன, இறங்குவதில்லை. எங்கள் பட்டறை இப்போது ஏதோ பார்சல் குடோன். பவர் பிரஸ் எந்த ஊர் உலையில் உருகியதோ. நிறுத்துச் சாடையை வேலைக்காகப் போடுகிறவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. மதகடியில் மட்டும், எதற்கென்று தெரியாத பிள்ளைகள் அதைப் போடுகிறார்கள். சரியாகவே போடுகிறார்கள், மணிக்கட்டுக்கு மேல் மணிக்கட்டு. அந்த வருடம் நான் ஒருமுறை வாய் திறந்ததும் ஒருமுறை கை தூக்கியதும் ஒரு தெருவுக்கே வழக்கமாகிவிட்டது. இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்?

இந்த வருடம் அந்த அமைதியில் தாஸ் என் காதருகே குனிந்தான். அவன் காது பிரஸ்ஸிலேயே போய்விட்டதால் அவனுடைய ரகசியம் நாலு பேருக்குக் கேட்கும்.

"மச்சான், இப்பதான் ஒண்ணும் இல்லியே. அந்த மூணு வெடியப் போட்டு என் கடன முடிச்சுடட்டா? ஸ்டெல்லாவுக்கே கல்யாணம் ஆவப்போவுது."

"அடுத்த வருசம் பாப்போம்" என்றேன்.

"வருசா வருசம் இதான் சொல்ற நீ."

தேர் நகர்ந்தது. பேண்டு மறுபடி ஆரம்பித்தது. பிள்ளைகள் கைகளை இறக்கிவிட்டு நடந்தார்கள். மரம் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர், அதில் மெழுகுவத்திகளின் வெளிச்சம். நானும் தாஸும் கைகளை இறக்கவில்லை. நாரைகள் வந்து உட்கார்ந்ததை நாங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.